ஒன்பதாங்கட்டையில் நிற்கும் கார்

உபதேசியார் லூயிசின் கார் பினாங்கு வரைக்கும் போய் வந்திருக்கிறது. கேமரன் மலையில் ஏறி இறங்கியிருக்கிறது. ஒருமுறை வெள்ளத்தில் முக்கால்வாசி முழுகி, மறுநாள் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடியிருக்கிறது. அந்தக் கார் எழுபத்தொன்பதாம் வருஷம் ஒரு புதுப் பழக்கம் பழகிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்பதாங்கட்டை மைல்கல்லை ஒட்டிய முனியாண்டி கோயிலுக்கு முன்னால் வந்ததும் நின்றுவிடும். தாண்டிப் போகாது.

லூயிஸ் வாரநாளில் ஈப்போவில் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் வாசிப்பவர். ஞாயிற்றுக்கிழமையில் உபதேசியார். தன் பங்கான புந்தோங்கில் காலைப் பூசை முடிந்ததும், வேட்டியைக் கழற்றி கால்சட்டை மாட்டிக்கொண்டு, ஆயர் தாவாருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சிற்றாலயத்துக்குக் கிளம்புவார். அங்கே சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் செபமாலை சொல்ல, வேதாகமம் வாசிக்க, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தர லூயிஸ்தான்.

கார், வெள்ளைக்காரன் காலத்து ஆமை முதுகுக் கார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தோட்டத்துக் கணக்கெழுதும் ஒரு பெரிய கிராணியிடம் வாங்கியது. அதை ஓட்டும்போது லூயிசுக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

புசிங், சிப்புத்தே, துரோனோ எல்லாம் கடந்து, போத்தா பாலத்தில் பேராக் ஆற்றைத் தாண்டினால் தோட்டங்கள் வந்துவிடும். போன வருஷம் வரைக்கும் அந்தத் தார்ச் சடக்கின் இரண்டு பக்கமும் ரப்பர் பால்மரக் காடு. மத்தியானத்திலும் மங்கலாக, குளுகுளுவென்று இருக்கும். கம்பெனி அத்தனை பால்மரத்தையும் வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை வைத்தது. கன்றுகள் இன்னும் முழங்கால் உயரம்கூட வரவில்லை. வெயில் நேராகத் தாரில் விழுந்து, தார் இளகி, டயரோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு ஒரே ஒரு மரம்தான் மிச்சம். அது முனியாண்டி கோயிலின் தூங்குமூஞ்சி மரம். அதை வெட்ட வந்தவனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

முதல் ஞாயிறு, அந்த இடத்துக்குச் சற்று முன்னால் கார் இருமியது. அப்புறம் விக்கியது. அப்புறம் செத்துப்போனது. லூயிஸ் அதை உருட்டிக்கொண்டே போய் அந்த மரத்தடியில் நிறுத்தினார். வேறு எங்கே நிறுத்துவார்?

முனியாண்டியாக நட்டிருந்த கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மாயாண்டி எழுந்து வந்தார். முன்னே பால் வெட்டியவர். இப்போது செம்பனை நாற்றுக்குக் காவல், முனியாண்டிக்குப் பூசாரி.

"என்ன உபதேசியாரே, காடி ரோசாக்கா? கெட்டுப்போச்சா?"

"தெரியலண்ணே. எண்ணெ இருக்கு, தண்ணி இருக்கு. ஓடமாட்டேங்குது."

மாயாண்டி காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானெட்டில் கையை வைத்து, சுட்டதும் எடுத்துக்கொண்டார். "இது ரோசாக் இல்ல. நிப்பாட்டியிருக்காரு."

"யாரு?"

மாயாண்டி மோவாயால் கல்லைக் காட்டினார்.

லூயிஸ் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வந்துவிட்டது. மாயாண்டி சூடம் கொளுத்தினார், சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து கல்லுக்கு முன்னால் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டு முனியிடம் பேச ஆரம்பித்தார். தோட்டம் எப்போது திறந்தது, எந்தத் துரை எப்போது வந்தான், எவன் எவனை அடித்தான் என்று எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொன்னார். லூயிஸ் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வேரில் உட்கார்ந்து மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தார். சுருட்டு அணைந்ததும் மாயாண்டி கண்ணைத் திறந்தார்.

"இப்ப ஓட்டிப் பாருங்க."

சாவியைத் திருப்பியதும் கார் பிடித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறு, கார் வருவதற்கு முன்னாலேயே எலுமிச்சம்பழம் தயாராக இருந்தது. மாயாண்டியின் மனைவி கருப்பம்மாள் ஒரு வாணலி நிறையக் கொண்டைக்கடலை தாளித்துக் கொண்டுவந்திருந்தாள். லயத்துக் குடியிருப்புச் சனங்கள் வேடிக்கை பார்க்கவும், நின்றுபோன காரை மரத்தடிக்குத் தள்ளிக் கொடுக்கவும் வந்திருந்தார்கள். யாரோ கார் மூக்கில் சாமந்தி மாலை போட்டுவிட்டார்கள். அந்த மாலையோடு லூயிஸ் சிற்றாலயத்து வாசலில் போய் இறங்கியபோது அவருடைய சொந்தச் சனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் அருகே வந்து மெதுவாகக் கேட்டாள்: "உபதேசியாரே, அடுத்த வாரம் வரும்போது எனக்கும் கொஞ்சம் துன்னூறு வாங்கிட்டு வாரீங்களா?"

புந்தோங்கில் பட்டறை வைத்திருந்த அர்ச்சுனன், லூயிசோடு ஒன்றாகப் பந்து விளையாடியவன். கதையைக் கேட்டுவிட்டு பானெட்டுக்குள் தலையை விட்டான்.

"பெட்ரோல் கொதிக்குது மச்சான்."

"அடுப்பில்லாமலா?"

"இந்தா பாரு. பெட்ரோல் வர்ற எண்ணெக் கொழாய் புகைக்கொழாய ஒட்டியே போகுது. சூட்டுல எண்ணெ ஆவியாகி கொழாய்க்குள்ள குமிழி கட்டிக்கிது. பம்பு எண்ணெய இழுக்காம காத்த இழுக்குது. கார்புரேட்டருக்கு ஒண்ணும் போய்ச் சேரல. முன்னெல்லாம் பால்மர நெழல்ல ஓடுச்சு, தெரியல. இப்ப வெயில்ல வறுபடுது. ஆறிட்டா ஆவி திரும்ப எண்ணெயாயிடும். கிளம்பிடும்."

"ஆறுறதுக்கு எவ்ளோ நேரமாகும்?"

"மாயாண்டி பூசை எவ்ளோ நேரம்?"

"ஒரு சுருட்டு அணையுற நேரம்."

"அவ்ளோ நேரம்தான்லா," என்றான் அர்ச்சுனன்.

ஆனால் வைத்தியம் சொல்லும் விஷயத்தில் அர்ச்சுனனுக்கு அவ்வளவு தெளிவில்லை. லாரிக்காரர்கள் சொன்னதாக ஒரு யோசனை சொன்னான். துணி காயப்போடும் மரக் கிளிப்புகளை எண்ணெய்க் குழாயில் வரிசையாக மாட்டினால் மரம் சூட்டை வாங்கிக்கொள்ளுமாம். லூயிஸ் அன்று சாயங்காலமே கொடிக்கம்பியிலிருந்து கிளிப்புகளை உருவிக்கொண்டு போனார். மறுநாள் காற்றில் அவர் மனைவி இருதயமேரியின் துவைத்த சேலை ஒன்று பறந்து, மூன்று வீடு தள்ளி ஒரு சீனர் வீட்டு மாமரத்தில் போய் உட்கார்ந்தது.

"என் கிளிப்பு எங்க?" என்றாள் இருதயமேரி.

"காடியில இருக்கு."

அவள் சந்தைக்கூடையைக் கீழே வைத்தாள். "பாசார்ல என்னை எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறாங்க. உங்க வீட்டுக்காரர் முனிக்குப் பூசை போடுறாராமேன்னு கேக்கிறாங்க. நான் இல்லைன்னு சொல்றேன். இப்ப கிளிப்பையும் கொண்டுபோய் காடிக்கு மாட்டியிருக்கீங்க. நான் என்னதான் சொல்றது?"

கிளிப்பால் ஒரு பயனும் இல்லை. கார் ஒன்பதாங்கட்டையில் வழக்கம்போல் நின்றது. மாயாண்டி பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். கறுத்த குழாயில் வரிசையாக மரக் கிளிப்புகள். அவற்றைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"வேண்டுதலா?" என்றார்.

"இல்லண்ணே, அது சூட்டுக்கு."

"சூட்டுக்குத்தான் எல்லாரும் வேண்டிக்கிறாங்க," என்றார் மாயாண்டி.

கருப்பம்மாள் அன்றே தன் தங்கை மகளுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று ஒரு கிளிப்பை மரத்தில் படர்ந்த கொடியில் மாட்டினாள். அந்த வாரமே சித்தியவானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து வெற்றிலை மாற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு யாரையும் தடுக்க முடியவில்லை. பிள்ளை வரம், பரீட்சை, முட்டிவலி, காணாமல்போன கோழி, எல்லாவற்றுக்கும் கிளிப்பு. ஆயர் தாவார் மளிகைக்கடையில் கிளிப்பு தீர்ந்துபோய், கடைக்காரச் சீனத் தவுக்கே எதற்கு என்று புரியாமலேயே பெட்டி பெட்டியாக வரவழைத்தார்.

லூயிஸ் அடுத்து வாழை மட்டையை ஈரமாகக் குழாயில் சுற்றிப் பார்த்தார். கார் நின்றது. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு அவர் கடலை தின்றுகொண்டிருந்தபோது, முனிக்கு நேர்ந்துவிட்ட கிடா தலையை உள்ளே விட்டு, அரைவேக்காடாக இருந்த மட்டையை நிதானமாகத் தின்று முடித்தது. அதன் தாடியில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

தவக்காலத்தின் நடுவில் ஒரு ஞாயிறு, அவருக்கு அவசரம். சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு மந்திரிப்பு வேறு இருந்தது. கார் நின்றதும் குளிர வைக்கத் தண்ணீர் தேடினார். மாயாண்டியின் குடம் காலி. காரில் இருந்தது ஒரு போத்தல் தீர்த்தம்தான், சாமியார் மந்திரித்துக் கொடுத்தனுப்பியது. லூயிஸ் நாலாபக்கமும் பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு பாதிப் போத்தலைப் பெட்ரோல் பம்பின் மேல் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. சாவியைத் திருப்பினார். உடனே பிடித்தது.

மாயாண்டி கையில் சூடத்தட்டோடு நின்றிருந்தார். பூசை ஆரம்பிக்கவே இல்லை.

"ரெண்டு சாமியும் பேசி முடிச்சிட்டாங்க," என்றார் கூட்டத்தைப் பார்த்து.

செய்தி லூயிசுக்கு முன்னால் புந்தோங்குக்கு வந்து சேர்ந்துவிட்டது. பங்குச்சாமியார் பெரியநாயகம் அவரைக் கூப்பிட்டனுப்பினார். சாமியார் கட்டையான மனிதர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று வெகுநேரம் துடைத்தார்.

"தீர்த்தத்தை என்ன பண்ணினீங்க லூயிஸ்?"

"பம்புல ஊத்தினேன் சாமி."

"எந்தப் பம்பு?"

"பெட்ரோல் பம்பு."

சாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வேலை செஞ்சுதா?"

"செஞ்சுது சாமி."

"அத வெளிய சொல்லாதீங்க. சொன்னா நாளைக்கே லாரிக்காரன் எல்லாம் போத்தலோட வாசல்ல வந்து நிப்பான். முதல்ல அந்தக் காடியச் சரி செய்யுங்க."

அந்தச் சனிக்கிழமை லூயிசும் அர்ச்சுனனும் யாருடைய யோசனையையும் கேட்காமல் வேலையில் இறங்கினார்கள். எண்ணெய்க் குழாயைக் கழற்றி, புகைக்குழாயை விட்டு விலக்கி, சக்கரப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். சூடு தாங்கும் துணிநாடாவை அதன்மேல் நெருக்கமாகச் சுற்றினார்கள். கார்புரேட்டருக்கு அடியில் சூடு ஏறாமல் இருக்கத் தடிப்பான அட்டை ஒன்றை வெட்டி வைத்தார்கள். பானெட்டின் பின்பக்கத்தை இரண்டு விரல் உயர்த்தி, வெக்கை வெளியேற வழி விட்டார்கள். கடைசியாக, புகைக்குழாய்க்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்பு வேண்டியிருந்தது. இருதயமேரி கிறிஸ்மஸ் பிஸ்கட் டின் ஒன்றைக் கொடுத்தாள். அர்ச்சுனன் அதைப் பிரித்து, தட்டி நிமிர்த்தி முடுக்கினான். பளபளவென்று, முறுக்கு மீசை வைத்த ஒரு வெள்ளைக்காரக் கப்பல்காரன் படம் மேல்பக்கமாக இருந்தது.

"இனிமே நிக்காது," என்றான் அர்ச்சுனன். "ஆனா ஒண்ணு. சூடா ஓடி வந்து சட்டுனு நிப்பாட்டாத. நிப்பாட்டினா காத்து ஓட்டம் நின்னு தகரத்துக்குள்ளயே வெக்கை ஏறும், முன்ன மாதிரி சீக்கிரம் ஆறாது. நிப்பாட்டித்தான் ஆகணும்னா பானெட்டத் தெறந்து வையி."

மறுநாள் போத்தா பாலம் தாண்டியதும் லூயிஸ் ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வெயில் பொசுக்கியது. செம்பனைக் கன்றுகளே வாடித் தொங்கின. கார் இருமவில்லை. விக்கவில்லை. தூங்குமூஞ்சி மரம் வந்தது. கிளிப்புகள் தோரணம் மாதிரி தொங்கின. மரத்தடியில் பெருங்கூட்டம். மாயாண்டி சூடத்தட்டை உயர்த்திக்கொண்டு சடக்கோரத்துக்கு வந்தார். உறுமிக்காரன் ஒருவன்கூட வந்திருந்தான். லூயிஸ் நேராகப் பார்த்துக்கொண்டு, ஆக்சிலேட்டரில் காலை அழுத்தி, அவர்களைக் கடந்து போனார். கண்ணாடியில், உறுமிக் கோல் அந்தரத்தில் நின்றது தெரிந்தது.

அவருக்கு ஏற்பட்ட சந்தோஷம் சிற்றாலய வாசல் வரைக்கும் நீடித்தது. அங்கே கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. மணியை அடித்தார். ஒருவரும் வரவில்லை. சைக்கிளில் புல்லுக்கட்டோடு போன ஐயாவு என்கிற மாட்டுக்காரர் காலை ஊன்றி நின்றார்.

"யாரத் தேடுறீங்க?"

"செபத்துக்கு ஒருத்தரையும் காணமே அண்ணே."

"எல்லாரும் ஒன்பதாங்கட்டைக்குப் போயிட்டாங்களே. உங்க காடியத் தள்ள."

"காடி நல்லா ஓடுதே."

"அது அவங்களுக்குத் தெரியாதுல்ல," என்று ஐயாவு மிதித்துக்கொண்டு போனார்.

லூயிஸ் படியில் உட்கார்ந்தார். யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் தப்பில்லை. உபதேசியார் எப்படியும் தாமதமாகத்தான் வருவார். இங்கே சும்மா காத்துக் கிடப்பதற்கு அங்கே நிழல் உண்டு, கடலை உண்டு. அவர் பார்த்த பெருங்கூட்டத்தில் பாதி தன் சபைதான் என்பது இப்போதுதான் உறைத்தது. காரைத் திருப்பினார்.

ஒன்பதாங்கட்டையில் சூடம் அணைந்து கிடந்தது. துக்க வீடு மாதிரி இருந்தது. முதல் நன்மை வாங்க ஞானோபதேசம் படிக்கும் பிள்ளைகள் வெள்ளை உடுப்போடு ஒரு பக்கம் நின்றார்கள். உறுமிக்காரன் குந்தியிருந்தான். லூயிஸ் காரை மரத்தடிக்குக் கொண்டுவந்து, மரியாதைக்கு எஞ்சினை நிறுத்தினார். அர்ச்சுனன் சொன்னது நினைவுக்கு வந்து பானெட்டைத் தூக்கினார்.

மாயாண்டிக்குக் கோபமில்லை. அதுதான் லூயிசுக்குச் சங்கடமாக இருந்தது.

"நாங்க என்ன தப்பு பண்ணினோம்?" என்றார் மாயாண்டி.

"தப்பே இல்லண்ணே. காடியச் செஞ்சுட்டோம். இனிமே நிக்காது."

"நிக்காதா?"

கருப்பம்மாள் வாணலியைத் தரையில் வைத்தாள். "இவ்ளோ கடலைய யாரு திங்கிறது?"

லூயிஸ் எல்லாவற்றையும் விளக்கினார். குழாயைக் காட்டினார், அட்டையைக் காட்டினார், ஆவியும் குமிழியும் எப்படி வருகின்றன என்று மீட்டர் வாசிக்கிறவருடைய பொறுமையோடு சொன்னார். மாயாண்டி தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவர் பார்வை மட்டும் தகரத்தில் இருந்தது.

"இந்த மீசைக்காரர் யாரு?"

"அது பிஸ்கட் டின்னு படம் அண்ணே."

"அவருதான் சூட்டைத் தடுக்கிறாரா?"

"தகரம்தான் தடுக்குது."

"அவர் மேல பட்டுத்தான சூடு திரும்பிப் போகுது?"

"அது சரிதான் அண்ணே," என்றார் லூயிஸ். மாயாண்டி சந்தனத்தைக் குழைத்து, எட்டி, கப்பல்காரன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தார். கூட்டத்தில் நிம்மதிப் பெருமூச்சு கேட்டது. மாயாண்டி மரியாதையாக, இரண்டு கையாலும் பானெட்டை இறக்கி மூடினார்.

பிறகு செபமா பூசையா, எது முதலில் என்கிற பேச்சு வந்தது. நேரமாகிவிட்டது, சனங்களைத் திரும்பச் சிற்றாலயத்துக்கு நடத்திக்கொண்டு போக முடியாது. மாயாண்டிதான் வழி சொன்னார். "உங்களுது மொதல்ல முடிங்க. சுருட்டு எங்கயும் போயிடாது." லூயிஸ் மரத்துக்கு அந்தப் பக்கமாகச் சபையை உட்காரவைத்து, செபமாலையைத் தொடங்கினார். நிழல் நன்றாக இருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. செபமாலை பாதிக்கு வந்து மூன்றாம் காரணிக்கம் சொல்லும்போது, லயத்துச் சனங்களும் முணுமுணுவென்று கூடச் சொல்லுவது கேட்டது. தப்புத் தப்பாகத்தான் சொன்னார்கள். லூயிஸ் திருத்தவில்லை. அதன்பின் மாயாண்டி முனியிடம் பேசினார். சபையார் கடலையைத் தின்றுகொண்டு முழுவதையும் கேட்டார்கள்.

கிளம்பும் நேரத்தில் லூயிஸ் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுழன்றது, பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினார். பானெட் மூடியிருந்ததை அப்போதுதான் கவனித்தார். சந்தனப்பொட்டோடு கப்பல்காரன் உள்ளே வெந்துகொண்டிருந்தான்.

கூட்டத்தின் முகமெல்லாம் மலர்ந்தது. கிறிஸ்தவப் பையன்கள் ஒரு பக்கம், லயத்து ஆட்கள் ஒரு பக்கம், காரின் பின்னால் போய்க் கையை வைத்தார்கள். உறுமிக்காரன் கடைசியில் தன் வேலையைக் காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்ததென்று எழுந்தான். கார் ஈப்போவைப் பார்த்து நின்றிருந்தது. தள்ளினார்கள். லூயிஸ் கிளட்சை விட்டார். கார் ஒரு குதி குதித்து, இரண்டு விக்கல் விக்கி, பிடித்துக்கொண்டது. இனி நிறுத்தினால் திரும்பவும் சாகும் என்று தெரிந்ததால், அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே போனார்.

போத்தா பாலத்தின் நடுவில், கீழே ஆறு கலங்கலாக அகன்று ஓடிக்கொண்டிருந்த இடத்தில், பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இதுதான் பெரிய ஆறா?"

லூயிசுக்குக் கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கண்ணாடியில் பார்த்தார். கருப்பம்மாள் காலி வாணலியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நீங்க எப்ப ஏறினீங்க?"

"கடலை தீந்ததுமே. காலு கடுத்துச்சு. செத்த உக்காந்து பாப்போம்னு ஏறினேன். அப்புறம் தள்ள ஆரம்பிச்சிட்டாங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மாயாண்டி அண்ணே தேடுவாரே."

"தேடுவாரு," என்று அவள் ஒத்துக்கொண்டாள். யோசித்துவிட்டு, "நிப்பாட்டினா திரும்ப ஓடுமா?" என்றாள்.

"இப்ப ஓடாது."

"அப்ப நிப்பாட்டாதீங்க. நான் ஈப்போ பாத்ததே இல்ல."

அவள் ஜன்னல் கண்ணாடியை எப்படி இறக்குவது என்று கேட்டாள். லூயிஸ் சொன்னார். அவள் இறக்கிக்கொண்டு, காற்றில் முந்தானை பறக்காமல் இருக்க அதன்மேல் வாணலியை வைத்து அழுத்திக்கொண்டாள். துரோனோ வந்தது. ஈயக்கம்பெனி மணல்மேடுகளைப் பார்த்து, இது என்ன, யார் கொட்டினார்கள் என்று கேட்டாள். சிப்புத்தே கடைவரிசையைப் பார்த்து இதுதான் ஈப்போவா என்றாள். இல்லை, இன்னும் இருக்கிறது என்றார் லூயிஸ். அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கும் ஏதோ இலேசாக இருந்தது. இருதயமேரியிடம் இதை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது என்கிற கவலைகூடப் புசிங் வந்த பிறகுதான் வந்தது.